நாம்குங்கின் ஒலிபெருக்கி

மார்ச் 4, திங்கள்

இன்று ‘நாம்குங்’ என்று பிழையில்லாமல் எழுதினேன். எழுத்துப் பள்ளி ஆசிரியை எட்டிப் பார்த்து, “யாரு தாத்தா இது, சிநேகிதரா?” என்றார். தலையாட்டிவைத்தேன். எழுபத்தாறு வயதில் பேனா பிடித்த எனக்கு அந்தப் பெயர் எவ்வளவு அழகாக வருகிறது! அவனை நாறடிக்கப் போகிற எழுத்து அழகாகவே இருக்கட்டும்.

மார்ச் 6, புதன்

ஜேவான் மருத்துவமனையிலிருந்து வந்துவிட்டான். என் மகன். முப்பத்தெட்டு வயது. ஆட்டிசம் என்று போன வருடம்தான் சொன்னார்கள். மனம் கலங்கினால் பேச்சு நின்றுவிடும். அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பான்.

கீழ்வீட்டுக்காரன் நாம்குங், குடியிருப்புச் சங்கத் தலைவன். சத்தம் தாங்கவில்லை என்றால் எங்கள் கதவைத் தட்டியிருக்கலாம். தட்டவில்லை. போன மாதம், எல்லா வீட்டுச் சுவரிலும் பதித்திருக்கும் ஒலிபெருக்கியில் சொன்னான்: “703இல் ஒரு வேலையில்லாத மகன் ஓயாமல் நடக்கிறான். அவனைக் கட்டிவைப்பது குடும்பத்தின் பொறுப்பு.” அந்தப் பெட்டியை நிறுத்த வீட்டுக்குள் பொத்தான் கிடையாது. மறுநாள் என் பிள்ளை சாகப் பார்த்தான்.

இதை எழுத ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. கை வலிக்கிறது. நல்ல வலி.

மார்ச் 9, சனி

மருத்துவமனை சொல்லி, தற்கொலைத் தடுப்பு உதவி மையத்திலிருந்து மியோங் என்ற பெண் வந்தார். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கவே இல்லை. “இந்த வீட்டுல உங்களால தாங்கவே முடியாதது எதுங்க?” என்று ஜேவானிடம் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். வெகு நேரம். அவன் சுவரைக் காட்டினான். அந்தப் பெட்டியை.

தரைக்குத் தடித்த விரிப்பு கொண்டுவந்திருந்தார். ஒரு மஞ்சள் சீட்டும் கொடுத்தார். பேச்சு வராதபோது அவன் அதை நீட்டினால் நான் கேள்வி கேட்கக் கூடாது. விளக்கைத் தணித்து, அவரை அழைத்துவிட்டு, பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவ்வளவுதானா?

“நாம்குங்குக்கு என்ன தண்டனை?” என்று கேட்டேன்.

“அது என் வேலை இல்லைங்க ஐயா. உங்க மகன் அடுத்த வாரமும் இருக்கணும். அதுதான் என் வேலை.”

சரி. தண்டனை என் வேலை.

மார்ச் 12, செவ்வாய்

பலகை தயார். ‘ஒலிபெருக்கியில் மனிதனைக் கொல்லும் நாம்குங்கே, மண்டியிட்டு மன்னிப்புக் கேள்.’ கீழே என் பெயர், வீட்டு எண். மொட்டைக் கடுதாசி எழுதுகிறவன் இல்லை நான். எட்ட நின்று பார்த்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். என்ன சுகம்.

மார்ச் 13, புதன்

பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குடியிருப்பு வாசலில் நின்றேன். தனி ஆளாக நின்று போராட அனுமதி தேவையில்லை, போலீசும் கேட்க முடியாது. ஜனம் கூடிக் கூடிப் படித்தது. நாம்குங் வந்தான்.

“என்ன பெரியவரே, எழுத்தெல்லாம் கோணலா இருக்கு.”

“உங்களப் பத்தி எழுதினா வேற எப்படித் தலைவரே வரும்?”

காய்கறிக்காரி சிரித்துவிட்டாள். அவன் காது சிவந்தது. இன்று முழுவதும் எனக்குப் பசிக்கவில்லை.

மார்ச் 15, வெள்ளி

பெட்டியின் இணைப்பை எடுக்கச் சங்கத்தின் சம்மதம் வேண்டுமாம். மியோங் போய்க் கேட்டிருக்கிறார். “கிழவன் பலகையை இறக்கட்டும், நான் கம்பியப் புடுங்கறேன்” என்றானாம்.

முடியாது என்றேன். அவன் முட்டி தரையில் படாமல் இறக்க மாட்டேன்.

மியோங் காலணியை மாட்டிக்கொண்டே, “உங்க மகன் ரெண்டு நாளா சாப்பிடலைங்க ஐயா” என்றார்.

எனக்குத் தெரியாதே. நான் வாசலில் அல்லவா இருந்தேன்?

மார்ச் 16, சனி

ஜேவான் பேசவில்லை. கைபேசியில் எழுதி என் முன்னால் நீட்டினான். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன்.

‘அப்பா எழுதினதுலயும் 703. எல்லாரும் மேலே நம்ம ஜன்னலப் பார்க்கிறாங்க.’

என் மகன் எழுதி நான் படித்த முதல் வரி.

மார்ச் 18, திங்கள்

இறக்கிவிட்டேன். நாம்குங் பல்லைக் காட்டினான். கம்பியைப் பிடுங்கிவிட்டார்கள். இனி தனிக் கம்பியில் வரும் தீ எச்சரிக்கை மணி மட்டும்தான் கேட்கும். தோற்றுவிட்டேனா?

மார்ச் 26, செவ்வாய்

லிஃப்டில் நாம்குங்.

“நேத்து வண்டி நிறுத்தறதப் பத்தி அறிவிச்சேனே, கேட்டீங்களா?”

“இல்லையே.”

“அரை மணி நேரம் பேசினேன்யா.”

“எங்க வீட்டுல உங்களுக்கு வாயே கிடையாதே தலைவரே. நீங்கதான புடுங்கினீங்க.”

ஏழு மாடியும் சிரித்துக்கொண்டே வந்தேன். தேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

மாலையில் சோற்றுக்கு உட்கார்ந்தோம். ஜேவான் மஞ்சள் சீட்டை என் கிண்ணத்தருகே வைத்தான். முகம் வெளுத்திருந்தது. என்னடா ஆச்சு என்று நாக்கு வரை வந்ததை விழுங்கினேன். விளக்கைத் தணித்தேன். மியோங்கை அழைத்தேன். “வந்துட்டே இருக்கேன். பக்கத்துலயே இருங்க, பேச்சு வேணாம்.”

அவன் விரிப்பில் நடந்தான். நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். மியோங் வந்தபோது அவனும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தோள் என் தோளில் பட்டும் படாமலும்.

நாம்குங்கை நான் மன்னிக்கவில்லை. அதை விரிவாக எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உள்ளே ஜேவான் கூப்பிடுகிறான். பசிக்கிறதாம், குழம்பைச் சுடவைக்க வேண்டுமாம். போகிறேன்.