அழகர் பிசகாமல் சொன்ன பதில்

கண்டி
20.09.1998

அன்புள்ள மகன் யோகேந்திரனுக்கு,

நீயும் மருமகளும் சின்னவளும் குளிர் காய்ச்சல் ஒன்றும் அண்டாமல் சுகமாய் இருக்க வேண்டும் என்று கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். எங்கள் உடம்புக்கும் பெரிதாய் ஒன்றுமில்லை, அப்பாவின் முழங்கால் வலி மழைக்குக் கூடும் வெயிலுக்குக் குறையும், இந்த வருடம் வெயிலைத்தான் காணவில்லை. பின்வளவில் மண் சரிந்து உன் சைக்கிள் நின்ற கொட்டில் விழுந்துவிட்டது. சைக்கிளுக்கு ஒன்றும் நடக்கவில்லை, அப்பா அதை விறாந்தைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, விற்கவும் விடாமல் ஓடவும் முடியாமல் ஒரு நாளைக்கு இரண்டு தரம் துடைக்கிறார். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, பத்மாதேவி ரீச்சரின் தங்கை ரொறன்ரோவுக்கு வருகிறா, அவவின் கையில் கொடுத்து விடுகிறேன், ஏன் என்று வாசிக்கும்போது உனக்கே விளங்கும்.

மறியல் சிறையில் இருந்து வெளியே வருகிற மனநோயாளருக்கு முதலில் ஒரு வீடு, மருந்தும் வேலையும் அதற்குப் பிறகுதான் என்று நீ வேலை செய்யும் கந்தோரில் செய்வதாய்ப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அதை இரண்டு தரம் வாசித்தேன். முன்பு நான் எழுதியிருந்த அழகரின் கதை என்ன ஆயிற்று என்றும் கேட்டிருந்தாய். நீ போன பிறகுதான் அவர் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினவர், ஆகையால் முதலிலிருந்தே சொல்கிறேன். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்த மனிதர், வயது ஐம்பதுக்குக் கிட்ட, சொந்தக்காரர் எல்லாரும் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். எண்பத்து மூன்று கலவரத்தில் தான் வேலை செய்த கடை எரிந்ததைப் பார்த்ததிலிருந்து மனம் குழம்பிப் போய்விட்டது. காலையில் எங்கள் பின்கதவுக்கு வந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, கேட்காமலே புல்லுப் பிடுங்கித் தந்துவிட்டுப் போவார். தை மாதம் இங்கே கண்டியில் குண்டு வெடித்த பிறகு நடந்த பொலிஸ் சுற்றிவளைப்பில் அவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடையாள அட்டை இல்லை, கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை, நின்று சிரித்தாராம். ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் சமூக சேவை அலுவலராய் இருக்கிற ஸுலைஹா மறியலுக்குள் போய் நோயாளரைப் பார்க்கிற பிள்ளை, அவள்தான் இவரைக் கண்டுபிடித்து மருந்து தொடங்கி நீதிமன்றம் வரை அலைந்தவள். இருக்க ஓர் இடமும் பொறுப்புக்கு ஓர் ஆளும் இருந்தால் விடலாம் என்று நீதவான் சொன்னார். கெலிஓயாவில் மக்கீன் ஹாஜியார் கொடுத்த சின்ன வீட்டில் இப்படிப்பட்ட மூன்று பேர் இருக்கிறார்கள், சீதா என்கிற சிங்களப் பெண் கூட இருந்து சமைத்துப் போட்டு மருந்தையும் கொடுக்கிறாள். நான்காவது கட்டில் அழகருக்கு என்று ஆயிற்று. பொறுப்புக்கு நான் கையெழுத்து வைத்தேன். பென்சன் வாங்கியும் உனக்கு மணி அடிக்கேல்லைப் போல, இன்னும் பள்ளிக்கூடம் நடத்திறாய் என்று அப்பா சொன்னார், ஆனால் பேனையை எடுத்துத் தந்ததும் அவர்தான்.

இனித்தான் என் வேலை வருகிறது. வெளியே விட்டாலும் அடுத்த சோதனைச் சாவடியில் இவர் வாயைத் திறக்காமல் நின்றால் திரும்பவும் பிடிப்பார்களே என்று எனக்குப் பயம். எல்லாச் சாவடியிலும் மூன்று கேள்விதானே, பெயர் என்ன, எங்கே இருக்கிறாய், எங்கே போகிறாய். ஆகவே பார்க்கப் போகிற நாட்களில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று மூன்று பதிலையும் சிங்களத்தில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். என் பெயர் அழகர், இருப்பது கெலிஓயாவில் மக்கீன் ஹாஜியார் வீட்டில், போவது கிளினிக்குக்கு. முதலில் தடுமாறினார், பிறகு நேராய் நிமிர்ந்து நின்று ஒரே மூச்சில் சொல்லப் பழகிவிட்டார். ஸுலைஹாவும் சந்தோஷப்பட்டு, ரீச்சர் நானே இவருகிட்ட இவ்வளவு பேச்சு கேட்டதில்ல, எனக்கும் கொஞ்சம் படிச்சுத் தாங்களேன் என்று பகிடி விட்டாள். வைகாசியில் கெலிஓயாவுக்குப் போனார். அங்கே வந்த முதல் கிழமை முழுவதும் அறைக் கதவை உள்ளே இருந்து தாழ்ப்பாள் போடுவதும் திறப்பதுமாய் இருந்தார் என்று சீதா சொன்னாள். தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறதை அவர் நம்பவில்லை, வேறொன்றுமில்லை. பிறகு மருந்தை நேரத்துக்குக் கேட்டு வாங்கினார், ஹாஜியாரின் வாழைகளுக்குப் பாத்தி கட்டினார், ஒரு நாள் எனக்கு ஒரு வாழைப்பூப் பொத்தியும் கொடுத்தனுப்பினார். நானும் சுண்டி வைத்து, உன் அப்பாவுக்கு முன்னால் கொஞ்சம் பெருமையாய்த்தான் பரிமாறினேன்.

ஆடியில் ஒரு பின்னேரம் அந்த வீதியில் வீடு வீடாய்ச் சோதனை. வந்த அதிகாரி மரியாதையாய்த்தான் பேசினார் என்கிறாள் சீதா. முற்றத்தில் நின்ற அழகரிடம், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறார். அழகர் நிமிர்ந்து நின்று, என் பெயர் அழகர், இருப்பது கெலிஓயாவில் மக்கீன் ஹாஜியார் வீட்டில், போவது கிளினிக்குக்கு என்றிருக்கிறார். சாப்பிட்டாயா என்று கேட்டதற்கும் அதே பதில், அதே குரல், ஒரு சொல் மாறவில்லை. ஏழாம் வாய்பாட்டை மேலிருந்து கீழே பாடமாக்கின பிள்ளையிடம் நடுவில் ஆறேழு எவ்வளவு என்று கேட்டுப் பார், திரும்பவும் ஓரேழு ஏழு என்று முதலிலிருந்துதான் தொடங்கும். முப்பது வருடம் வகுப்பில் இதைப் பார்த்த எனக்கு அது அந்த நேரம் ஞாபகத்துக்கு வரவில்லை, தம்பி. யார் உனக்கு இதைச் சொல்லித் தந்தது என்று தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரர் கேட்க, அழகர் முகம் மலர்ந்து, டீச்சரம்மா சொல்லிக் குடுத்தாங்க என்றாராம். சுகமில்லாத ஆள் என்று சீதா கத்தியிருக்கிறாள். சுகமில்லாதவன் இவ்வளவு ஒழுங்காய்ப் பேசுவானா, இவனை யாரோ பழக்கி அனுப்பியிருக்கிறார்கள் என்று அந்த அதிகாரி சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி அட்டை கழுவப் போட்ட சட்டையில் ஊறிக் கூழாய்ப் போயிருந்தது. கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாளே ஸுலைஹாவோடு பொலிசுக்குப் போய், பழக்கினது நான்தான், நான் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். நோயாளிக்கு ஏன் பதில் பழக்க வேண்டும் என்று கேட்டார்கள், உங்களுக்குப் பயந்துதான் என்று அவர்களிடமே எப்படிச் சொல்வது? இந்த முறை அவசரகாலச் சட்டத்தின்கீழ் போட்டிருக்கிறார்கள், நீதவானும் ஒன்றும் செய்ய இயலாதாம். ஸுலைஹா டொக்டரிடம் புதுக் கடிதம் வாங்கிக்கொண்டு கொழும்புக்கு இரண்டு தரம் போய் வந்தாள், கடிதம் கிடைத்தது என்பதற்குமேல் பதில் இல்லை. மக்கீன் ஹாஜியாரும் வீடு தேடி வந்தார். ரீச்சர், ஒங்கள நான் குத்தம் செல்லல்ல, ஆனா பொலிஸ் இன்னொருக்கா வந்தா அக்கம்பக்கத்தாக்கள் மத்த மூணு பேரையும் ஊட்ட உட்டு எழுப்பச் செல்லுவாங்க, அந்த மனுசனுகளுக்கு வேற ஊடு இல்ல என்று சொல்லிவிட்டுக் கதிரையின் நுனியில் குந்திக்கொண்டு இருந்தார். அவர் சொன்னது நியாயம். அடுத்த கிழமை அந்தக் கட்டிலுக்கு மறியலில் காத்திருந்த வேறொருவர் வந்துவிட்டார். ஸுலைஹா இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. உங்கள் ஊரில் இப்படி ஒருவர் திரும்ப மறியலுக்குப் போனால் அவருடைய வீட்டை வைத்திருப்பீர்களா, எத்தனை நாளைக்கு? எனக்கு இதை எழுது.

போன புதன்கிழமை அவரைப் பார்த்தேன். மெலிந்துவிட்டார், மருந்து ஒழுங்காய்க் கிடைப்பதில்லை. என்னைக் கண்டதும் நேராய் நிமிர்ந்து நின்றார். டீச்சரம்மா, நான் சரியாத்தானேங்க சொன்னேன், ஒரு வார்த்த பிசகல்லீங்க என்றார். ஓம் அழகர், சரியாத்தான் சொன்னீங்கள் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும் தம்பி, பிழை விட்டது அவர் இல்லையே. அப்ப என்னைக்கிங்க வூட்டுக்குப் போறது, வாழைக்குத் தண்ணி ஊத்த ஆளில்லையே என்றார். கட்டிலை இன்னொருவருக்குக் கொடுத்தாயிற்று என்று சொல்ல வாய் வரவில்லை. மணி அடித்தார்கள். நான் திரும்பி நடக்க, காவலாளி அவரை ஏதோ கேட்டது காதில் விழுந்தது, பின்னால் அவருடைய குரலும் கேட்டது, என் பெயர் அழகர், இருப்பது கெலிஓயாவில்.

அப்பாவுக்கு இதையெல்லாம் எழுதுவது விருப்பமில்லை, பிள்ளை தூர நின்று என்ன செய்வான் என்கிறார். நீ ஒன்றும் செய்ய வேண்டாம், சொல்ல எனக்கு ஆள் வேண்டும். வெளியே போகும்போது குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, சின்னவளைத் தமிழில் பேச வை, மருமகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். உங்கள் மூன்று பேரின் வாசலிலும் பயம் இல்லாத காலம் என்றும் இருக்கட்டும். பதில் தபாலில்தான் வரும் என்பதால் அழகரின் பெயரை எழுதாதே. வாழைகள் எப்படி என்று மட்டும் கேள், எனக்கு விளங்கும்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா
வீ. ஞானேஸ்வரி