சகலையும் நானும் நியாயஸ்தனும்

மார்ச் 1, ஞாயிறு

பாப்பா காலையிலேயே சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். காலேஜ் போகிற பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை தூக்கம்தான் உயிர் என்பார்கள். இவளுக்கு ஞானிதான் உயிர்.

ஞானி என்பது நான் வைத்த பெயர். என் சகலை. என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர். படத்துக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறார். "அந்தச் சனியன் என் கையில வேண்டாம்" என்று ஸ்மார்ட்போனைத் தூக்கிப் போட்டவர். ஆனால் வாராவாரம் முகநூலில் முழம் முழமாக எழுதுவார். எப்படி? அவர் கடைக்குள் நடந்துகொண்டே சொல்லச் சொல்ல, என் மகள் பாப்பா அவளுடைய போனில் டைப் அடித்து அவர் பெயரில் போடுகிறாள். போன் வேண்டாமாம், போனில் வருகிற பேர் மட்டும் வேண்டுமாம்.

இன்றைய உபதேசம்: 'எந்தக் கட்சி வந்தாலும் ஆளப்போவது மெஷின்தான். ஓட்டுப் போட்டு என்ன, போடாமல் என்ன? கடையில் பில் போடும் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அங்கே ஒரு பெட்டியை மாட்டுகிறவனும் நிம்மதியாகத்தான் தூங்குகிறான்.' ஆயிரம் லைக்.

சூப்பர் மார்க்கெட்டுகளில் பில் போடும் மெஷின் மாட்டுவது என் வேலை.

பாப்பாவிடம் கேட்டேன். "உங்களைச் சொல்லலைப்பா, பொதுவா சொன்னாரு" என்றாள்.

"பொதுவான்னா யாரு? நம்ம குடும்பத்துல எத்தனை பேரு மெஷின் மாட்டுறாங்க?"

சிரித்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

மார்ச் 4

முகநூலில் புதிதாக ஒரு கணக்கு ஆரம்பித்தேன். பெயர் நியாயஸ்தன். முகத்துக்குப் பதில் ஒரு மலைப் படம்.

ஞானியின் பதிவுக்குக் கீழே முதல் கமெண்ட்: 'அரசாங்கத்தைத் திட்டுமுன் உங்கள் தெருவுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று யோசியுங்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்று புலம்புவது சோம்பேறிகளின் அரசியல். தனிமனிதப் பொறுப்பு என்று ஒன்று உண்டு.'

மூன்று லைக். அதில் ஒன்று என் சொந்தக் கணக்கிலிருந்து நானே போட்டது.

மார்ச் 8, ஞாயிறு

பதில் வந்துவிட்டது. 'நியாயஸ்தன் அவர்களே, சொட்டுகிற குழாயை மூடு என்று வீட்டுக்காரனுக்குச் சொல்வீர்கள். ஆற்றையே விற்கிறவனைப் பார்த்தால் வாயைப் பொத்திக்கொள்வீர்கள். உங்கள் பொறுப்பு ஏழை வீட்டுக்கு மட்டும்தான் வழி தெரிந்தது போலிருக்கிறது.'

மனுஷன் நன்றாகத்தான் எழுதுகிறார், பாழாய்ப் போக.

சாப்பிடும்போது பாப்பா அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். "அந்த நியாயஸ்தன் மூஞ்சியைப் பாக்கணும்மா! ஏம்ப்பா, இப்படி வேலை வெட்டி இல்லாம இருக்கிறவங்கல்லாம் யாரு?"

"எனக்கெப்படித் தெரியும்" என்றேன். தட்டைப் பார்த்துக்கொண்டேதான்.

பொறாமையா எனக்கு? ஆமாம், பொறாமைதான். இந்த டைரியில்கூட மறைத்தால் வேறெங்கே போய்ச் சொல்வது? ஆனால் லைக்குக்காக இல்லை. பாப்பா என்னிடம் கேட்பதெல்லாம் 'சார்ஜர் எங்கப்பா', 'வண்டிச் சாவி எங்கப்பா'. அவரிடம் கேட்கிறாள், 'நீங்க என்ன நினைக்கிறீங்க சித்தப்பா?' என்று. என்னிடம் அப்படி ஒரு வார்த்தை கேட்டிருப்பாளா? நான் ஒன்றுமே நினைக்காதவனா? பெத்து வளத்தவன் நான். ஃபீஸ் கட்டுறவன் நான். ஞானம் மட்டும் அங்க இருக்காம்.

மார்ச் 11

ஞானியை யாரோ இணைய இதழுக்குப் பேட்டி எடுத்தார்களாம். நாசமாப் போச்சு.

மார்ச் 13

புதுக் கடையில் மெஷின்கள் மாட்டி முடித்தோம். பில் போடும் பெண்களில் மூவருக்கு இன்றோடு வேலை இல்லை. அதில் ஒரு அம்மா, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறபோது நின்று கேட்டார்: "சார், இது ரிப்பேர் ஆச்சுன்னா எங்களைத் திரும்பக் கூப்பிடுவாங்களா?"

நான் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டு எதையோ முடுக்குவதுபோல் இருந்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். மனசு சரியில்லை.

மார்ச் 15, ஞாயிறு

அடப்பாவி!

'சார், இது ரிப்பேர் ஆச்சுன்னா எங்களைத் திரும்பக் கூப்பிடுவாங்களா?' அந்த அம்மா என்னிடம் கேட்டது, எழுத்து மாறாமல், ஞானியின் பதிவில்! நான் மனைவியிடம் சொன்னேன், அவள் பாப்பாவிடம் சொன்னாள், பாப்பா அங்கே போய் ஒப்பித்துவிட்டாள். பார்த்தது நான். பதில் சொல்ல முடியாமல் நின்றது நான். பேர் அவருக்கு. கடைசி வரி என்ன தெரியுமா? 'அந்தக் கல்நெஞ்சன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.'

நாலாயிரம் லைக். ஊரே என்னைக் கல்நெஞ்சன் என்கிறது, என் மகள் கையால் டைப் அடித்து.

போடுடா நியாயஸ்தா என்று போட்டேன்: 'மெஷினைத் திட்டும் இந்தப் பெரிய மனிதரின் நெஞ்சுக்குள்ளேயே ஒரு மெஷின் ஓடுகிறது. பேஸ்மேக்கர். முதலில் அதைக் கழற்றி எறியட்டும். பிறகு ஊருக்கு உபதேசம் பண்ணட்டும்.'

போன வருஷம் கடையில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதே நானும் பாப்பாவும்தான். அவர், அவர் மனைவி, நாங்கள் மூவர். வேறு யாருக்கும் தெரியாது. அப்போதே கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்: "ஏணில ஏறிப் படம் மாட்டுற பொழப்பு. நெஞ்சுல கோளாறுன்னு தெரிஞ்சா எவன் வீட்டுக்குள்ள விடுவான்? வெளிய சொல்லிடாதீங்க."

போட்டுவிட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். அப்புறம் சந்தோஷமாக இருந்தது. பொய் எழுத விரும்பவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

மார்ச் 16

என் கமெண்ட்டுக்கு அவருடைய பதிவைவிட அதிகம் லைக். 'பேட்டரி ஞானி' என்று எவனோ படம் போட்டுவிட்டான். (அவனும் ஞானி என்றே சொல்கிறான்!) 'சார், சார்ஜ் போட்டாச்சா?' என்று வரிசையாகக் கேட்கிறார்கள். வேலைக்கு நடுவில் பாத்ரூமுக்குப் போய்ப் போய்ப் பார்த்தேன்.

மார்ச் 18

கொழுந்தியாள் அவள் அக்காவுக்குப் போன் பண்ணி அழுதாள். ஒரு ஹோட்டலில் அறைக்கு அறை படம் மாட்டுவதாக இருந்ததாம், பெரிய ஆர்டர். "நீங்க உடம்பைப் பாத்துக்கோங்க" என்று சொல்லி வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அது மட்டும் இல்லை. "பாப்பாதான் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட உளறியிருப்பா, அக்கா. வேற யாரு?" என்றாளாம்.

பாப்பாவை ஞானி கூப்பிட்டுத் திட்டவில்லை. "கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம்மா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 22, ஞாயிறு

பாப்பா வீட்டிலேயே இருந்தாள். சோஃபாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காலை மடக்கிக்கொண்டு, நான் பார்த்த சினிமாவையே பார்த்தாள். சின்னப் பிள்ளையில் உட்கார்ந்த மாதிரி. நடுவில் கேட்டாள்: "நீங்க என்ன நினைக்கிறீங்கப்பா? யாரு சொல்லியிருப்பா?"

கேட்டுவிட்டாள்! கடைசியில் என்னிடமும் கேட்டுவிட்டாள்.

"உலகம் அப்படித்தான் பாப்பா" என்றேன். தூ.

மார்ச் 26

பாப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. "நான் யார்கிட்டயும் சொல்லலைப்பா. அம்மாகூட ஒரு மாதிரி பாக்குறாங்க. நீங்களாவது நம்புறீங்களா?"

"நம்புறேம்மா."

அதில் துளி சந்தேகமில்லாமல் இருக்கிற ஒரே ஆள் இந்த உலகத்தில் நான்தான்.

மார்ச் 29, ஞாயிறு

இன்றும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏதோ ஜோக்குக்குச் சிரித்து என் தோளில் சாய்ந்தாள். என்னால் முடியவில்லை. டிவியை நிறுத்தினேன்.

"நியாயஸ்தன் நான்தான்."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. விளையாடுகிறேன் என்று நினைத்தாள். அப்புறம் தோளிலிருந்து தலையை எடுத்தாள்.

"நான்தான் சொன்னேன்னு அவர் நினைச்சிட்டிருக்காரு. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே எம் பக்கத்துல உக்காந்து சிரிச்சிட்டிருந்தீங்களாப்பா?"

ஊருக்கெல்லாம் பொறுப்பைப் பற்றிப் பாடம் எடுத்தவன் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. எழுந்து போனாள்.

மனைவி அடுப்படியிலிருந்து எல்லாம் கேட்டிருக்கிறாள். "எங்கிட்டயோ அவகிட்டயோ சொல்லி என்ன ஆவுது? சொல்ல வேண்டிய இடத்துல போய்ச் சொல்லுங்க."

மார்ச் 30

போனேன். ஞானி கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். கண்ணாடியைக் கீழே வைத்தார், கையைத் துணியில் துடைத்தார், அதற்கே நெடுநேரம் எடுத்துக்கொண்டார்.

"நீங்களா இருக்கும்னு ஒரு நிமிஷம் தோணுச்சு சகலை. உங்களைக் கேட்டா குடும்பமே ரெண்டாப் போயிடும். சின்னப் புள்ள மேல பழியைப் போட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அதான் நானும் போட்டுட்டேன். உலகமே கெட்டுப்போச்சுன்னு வாரம் தவறாம எழுதுறேன், பாருங்க."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"இப்ப வேண்டாம். இப்பப் போயிடுங்க" என்றார்.

ஏப்ரல் 1

அந்தப் பேஸ்மேக்கர் கமெண்ட்டுக்குக் கீழேயே, என் சொந்தப் பெயரில், என் முகத்தோடு எழுதினேன். 'நியாயஸ்தன் நான்தான். இவருடைய சகலை. அந்தக் கடையில் தலையை நிமிர்த்தாதவனும் நான்தான். பொறாமையில் செய்தேன். என் மகள் யாரிடமும் எதையும் சொல்லவில்லை.'

'குடும்பச் சண்டையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்' என்று ஒருவர். 'லைக் வாங்க நாடகம்' என்று இன்னொருவர். ஏப்ரல் ஒன்றாம் தேதி ஆயிற்றே, நம்பாதீர்கள் என்று மூன்றாமவர்.

நான் போய்ச் சொன்ன அன்று சாயந்திரமே ஞானி பாப்பாவுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டாராம். மனைவி சொன்னாள். அதிலும் முந்திக்கொண்டார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

பாப்பா அங்கே போனாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. மத்தியானம் பதிவு வந்துவிட்டது.

'ஆமாம், என் நெஞ்சில் மெஷின் இருக்கிறது. ஆனால் அதை வைக்கும் முன் டாக்டர் என்னிடம் உட்கார்ந்து பேசினார், சம்மதமா என்று கேட்டார். அந்தப் பில் போடும் பெண்களை யாரும் கேட்கவில்லை. இப்போதைக்கு என் சண்டை அவ்வளவுதான். ஓட்டுப் போட்டு என்ன என்று எழுதியிருந்தேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சம்மதம் கேட்கப்படாதவர்கள் பதில் சொல்ல, ஓட்டைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.'

மூன்று தடவை படித்தேன். வயிறு எரிகிறது. இவ்வளவுக்குப் பிறகும் எரிகிறது, என்ன ஜென்மமோ நான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டவாவது செய்திருக்கலாம்.

ஏப்ரல் 11

பரீட்சை முடிகிற வரைக்கும் பாப்பா சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறாளாம். அம்மாவிடம்தான் சொன்னாள். அம்மா வந்து என்னிடம் சொன்னாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

பெட்டியை நான்தான் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனேன். முழுக்கப் புத்தகம், கல்லுக் கனம். வழியெல்லாம் பாப்பா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

ஞானி வாசலுக்கு வந்து குனிந்து பெட்டியைத் தூக்கப் போனார். "விடுங்க, நான் மேல கொண்டுபோய் வெக்கிறேன்" என்றேன். "என்னால முடியும்" என்றார். முடியும் என்று நிரூபிக்கிற குரல். நான் மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அவரும் விடவில்லை. இரண்டு பேரும் படி ஏறினோம். திருப்பத்தில் அவர் மூச்சு வாங்க நின்றார், நானும் நின்றேன். "ம்" என்றார். மறுபடி ஏறினோம்.

மேலே பாப்பா இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒன்றை அவர் கையில் கொடுத்தாள். இன்னொன்றை என் பக்கத்தில், ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

எடுத்துக் குடித்தேன்.