வலப்புறத்துப் பிள்ளைகள் குறித்து

நீரும் நெல்லும் குறையாத மருதவேலி நாட்டின் பேரமைச்சன் பெருஞ்சாத்தன், எல்லை நகராகிய நீள்கரையில் மொழிக்கூடத்துத் தலைமை ஆசானாக வீற்றிருக்கும் பொறையனாருக்கு விடுக்கும் ஓலை. உமது கூடமும் குடியும் நலம் பெறுக. வாழ்த்தினேன் என்பதால் உம்மை நம்பிவிட்டதாகக் கொள்ள வேண்டா.

நம் பிள்ளைகளுக்கு மலைநாட்டார் மொழி கற்பிக்கும் ஆசிரியை நக்கண்ணை மாலைதோறும் யாரும் அறியாமல் ஓலை எழுதுகிறாள் என்றும், அவள் மலைநாட்டு ஒற்றே என்றும், சிறையிலிருக்கும் அவளை வரும் பௌர்ணமியன்று நாடு கடத்த ஆணை வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். அவள் ஓலைகளையும் அனுப்பியிருந்தீர். ஐயுறுவதே என் தொழிலாகையால், உம்மையும் சேர்த்தே ஐயுற்றேன்.

ஏழு நாள் அவ்வோலைகளில் மறைபொருள் தேடினேன். முதல் ஓலையில், ‘இன்றும் வலப்புறத்துப் பிள்ளைகளை ஒரு கேள்வியும் கேட்கவில்லை, ஏனென்று எனக்கே விளங்கவில்லை’ என்று எழுதியிருந்தாள். பிறகு பிள்ளைகளை இடம் மாற்றி அமர்த்தியிருக்கிறாள். ஊமையென்று எல்லோரும் எண்ணியிருந்த சிறுமி ஒருத்தி, பத்தே நாளில் மலைநாட்டு வணிகனோடு அவன் மொழியிலேயே வழக்காடினாளாம்.

ஐயம் தீராமல், உம் மாணாக்கர் கற்பிக்கும் பன்னிரண்டு பள்ளிகளுக்கும் நானே சென்றேன். எங்கும் ஆசிரியரின் இடப்புறத்துப் பிள்ளைகள் மடை திறந்தாற்போல் பேசினர். வலப்புறத்தார் வாய் திறக்கவில்லை. நம் குடிகளில் பாதியை ஊமையாக்க மலையரசன் செய்த சதியோ என்றுகூட அஞ்சினேன். அப்போதுதான் உமது நிழற்சோதனை நினைவுக்கு வந்தது. ஓராண்டு உம் பின்னே நின்று பழகியவர் விளக்கின் முன் பாடம் நடத்த, திரையில் விழும் நிழல் உமது நிழலினின்று இம்மியும் பிசகாதிருந்தால்தான் ஆசிரியர் மோதிரம் தருவீர். உமக்கோ வலச்செவி கேளாது. ஆகவே இடப்புறமே திரும்புவீர். இரு செவியும் நன்றாகக் கேட்கும் உம் மாணாக்கரும் அப்படியே திரும்புகிறார்கள்.

நிழலை ஒழித்து, இலக்கண நூலை மனப்பாடம் செய்தவர்க்கு மோதிரம் தரலாம் என்றனர் அவையில் சிலர். அதையும் நான் நம்பவில்லை. எதிரே எந்தப் பிள்ளை விளங்காமல் விழிக்கிறது என்று நூலுக்குத் தெரியாது. தான் செய்ததைத் தானே ஐயுற்றவள் ஒருத்தி இருந்தாள். அவளைத்தான் அடைத்து வைத்தீர்.

இனி, வெட்கத்தோடு ஒன்று சொல்கிறேன், ஆசானே. நானும் உம்மிடம் மோதிரம் பெற்றவன். ஒன்பது ஆண்டுகளாக அவையில் என் வலப்புறம் அமரும் உழவர் தலைவரை நான் ஒருமுறையும் வினவியதில்லை என்பது நேற்றுத்தான் உறைத்தது. வினவினேன். ஏரியின் மேலைக்கரை விரிசல் விட்டிருப்பதைச் சொல்ல மூன்று ஆண்டுகளாகக் காத்திருப்பதாகச் சொன்னார்.

ஆதலால், இவ்வோலை கண்ட அன்றே நக்கண்ணையாரை விடுவித்து, அவர் ஓலைகளை அவர் கையிலேயே கொடுக்க. நிழற்சோதனை இன்றோடு நிற்க. இனி மோதிரம் வேண்டுவோர் தம் பாடத்தில் விடுபட்ட பிள்ளை யாரென்று மாலைதோறும் எழுதி வருக. ஒருவரும் விடுபடவில்லை என்று எழுதுவோரை என்னிடம் அனுப்புக, நான் விசாரித்துக்கொள்கிறேன்.

இரட்டைக் கதிர் முத்திரை இட்டோம். இதனைக் கூடத்தார் அனைவர் முன்னும் நீரே வாசிக்க. வாசிக்கையில் ஒருமுறையேனும் வலப்புறம் திரும்புக. இது அரசாணை.