தியேட்டர் வேணாம், எழுத்து வேணும்

பள்ளி அலுவலகத்துக்குப் போன வாரம் புது லேப்டாப் வந்தது. திறந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, திரையின் மூலையில் ஒரு நீலப் பெட்டி எழும்பி, ஒலியை மெருகேற்றிவிட்டதாகத் தானே அறிவித்துக்கொண்டது. யாரும் அதைக் கேட்கவில்லை. அணைத்தேன். மறுநாள் காலையில் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி அணைத்தேன். மூன்றாம் நாளும் அதே பெட்டி. மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். பக்கத்து மேசை கிளார்க் திரும்பிப் பார்த்து, "இன்னாத்துக்கு மேடம் இவ்ளோ கோவம்? சவுண்டு நல்லாதான இருக்குது" என்றார். அந்த ஒரு வாக்கியம் போதும், எனக்கு உன் ஞாபகம் வர.

பிள்ளையார்பாளையத்து வீட்டுக்கு நான் உன் அண்ணியாக வந்தபோது உனக்குப் பத்தொன்பது வயது. ஒன்பது வயதிலேயே பார்வை போயிருந்தது. பி.ஏ. முடித்ததும் உன் அண்ணன் ஒரு லேப்டாப் வாங்கி வந்தார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை அதில் போட்டுக்கொண்டு, வீட்டிலிருந்தபடியே போனில் பேசும் வேலைக்கு எழுதிப்போடுவதாக நீ சொன்னாய். பெட்டியைப் பிரித்து முதல்முதலாக அதை உயிர்ப்பித்தது நான்தான். வரிசையாகக் கேள்விகள் வந்தன. மொழி, தேதி, கடவுச்சொல். நடுவில், ஒலியை மேம்படுத்தலாமா என்று ஒன்று. "இன்னா அண்ணி கேக்குது?" என்றாய். "ஒண்ணுமில்லமா, சும்மா" என்று சொல்லி 'ஆம்' என்பதை அழுத்தினேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்த அவசரம் எனக்கு. இதை நான் உன்னிடம் கடைசிவரை சொல்லவே இல்லை.

இரண்டாம் நாளே நீ முகம் சுளித்தாய். "அண்ணி, குரல் கல்யாண மண்டபத்துல பேசற மாதிரி இருக்குது. சொல்லோட மொத எழுத்து வரவே மாட்டேங்குது. 'பதில்'னு படிச்சா 'தில்'னு கேக்குது." நான் காதை வைத்துக் கேட்டேன். பாட்டு போட்டுப் பார்த்தேன், கணீரென்று இருந்தது. "எனக்கு நல்லாதான் கேக்குது" என்றேன். நீ அந்த வாசிப்புக் குரலை ஓட்டும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் புரியாது. அப்படியிருந்தும் தீர்ப்புச் சொன்னேன்.

காந்தி ரோட்டுக் கடைக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த மெக்கானிக் கேட்டுவிட்டு, "சூப்பரா இருக்குதுக்கா, தியேட்டர் எஃபெக்ட்!" என்றார். நீ கையை நீட்டி லேப்டாப்பை உன் பக்கம் இழுத்துக்கொண்டாய்.

"தியேட்டர் வேணாம்பா. எனக்கு எழுத்து வேணும்."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். நீ பார்த்திருக்க முடியாது என்று இத்தனை நாளும் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். வழியெல்லாம் நீ என்னோடு பேசாமல் வந்ததை நினைத்தால், அந்தச் சமாதானம் நிற்கவில்லை.

பிறகு அந்த நேர்காணல். வீடியோ காலில் மூன்று பேர். தலைசீவி, மெரூன் புடவை கட்டி, நேராக உட்கார்ந்திருந்தாய். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. நமக்கு அது காதிலேயே விழாத சத்தம். நான் 'ஆம்' என்று அழுத்திவிட்ட அந்த ஒலி மென்பொருளுக்கோ அது அழிக்க வேண்டிய இரைச்சல். தறி அடிக்கும் போதெல்லாம் அதை அமுக்குகிறேன் என்று உன் குரலையும் சேர்த்து அமுக்கியிருக்கிறது. அப்போது அது நமக்குத் தெரியாது. "கொஞ்சம் தெளிவா பேசுங்கம்மா, விட்டு விட்டு வருது" என்றார் அந்தப் பக்கத்து அம்மா. நீ சத்தத்தைக் கூட்டினாய். "ஏன் கத்தறீங்க?" என்றார் இன்னொருவர். நாலாவது கேள்விக்கு நீ பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நன்றி சொல்லி முடித்துவிட்டார்கள்.

நீ அழவில்லை. மூடியைச் சாத்திவிட்டு, "நான் பேசறத எனக்கு முன்னாடி வேற யாரோ வாங்கி சலிச்சி அனுப்பறாங்க அண்ணி" என்றாய். பதற்றத்தில் சொல்கிறாய் என்று நினைத்து, காபி போடட்டுமா என்று கேட்டேன்.

அடுத்த நாள் நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஒரே பத்தியை லேப்டாப்பில் ஒரு தடவை, போனில் ஒரு தடவை பேசிப் பதிவு செய்து வைத்திருந்தாய். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கையைப் பிடித்து உட்காரவைத்தாய். "இப்ப கேளுங்க. பேசாம கேளுங்க." போனில் உன் குரலும் தறியும் சேர்ந்து வந்தன, ஒரு சொல்லும் கெடவில்லை. லேப்டாப்பில் தறி இல்லை. உன் குரலில் பாதியும் இல்லை. அன்றைக்குத்தான் நம்பினேன். நீ சொன்னதை அல்ல, நீ காட்டியதை. அந்த வித்தியாசம் இன்றும் உறுத்துகிறது.

அதை ஒழிக்க இரண்டு வாரம் ஆயிற்று. ஒலி அமைப்புக்குள் போய், மெருகேற்றல்கள் எல்லாவற்றையும் நிறுத்து என்ற கட்டத்தில் டிக் வைத்தோம். அணைத்துத் திறந்தால் டிக் காணாமல் போயிருந்தது. அந்த ஒலி மென்பொருளையே நீக்கினோம். ஒரு அப்டேட் வந்தது, கூடவே அதுவும் வந்து உட்கார்ந்துகொண்டது. கம்பெனிக்குப் போன் செய்தால், அது சிறப்பு வசதி என்றார்கள். "எனக்கு எது வசதின்னு இவங்களுக்கு யார் சொன்னாங்க?" என்று நீ கத்தியது அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். கடைசியில் வழி கண்டுபிடித்ததும் நீதான். ஒலியை இயக்கும் 'டிரைவர்' என்ற நிரலில் கம்பெனி கொடுத்ததை எடுத்துவிட்டுச் சாதாரண டிரைவரைப் போடு, அப்டேட் அதைத் தொடாதபடி தடு, லேப்டாப் திறக்கும்போது தானாக எழும் பட்டியலிலிருந்து அதன் பெயரைத் தூக்கு. நான் படிக்கப் படிக்க ஒவ்வொரு படியையும் மனப்பாடம் செய்துகொண்டாய். அதன்பின் குரல் பழைய ரேடியோ போல ஒல்லியாக வந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கேட்டுவிட்டு, "இது போதும்" என்றாய்.

மூன்று மாதம் கழித்து ஓர் ஆஸ்பத்திரியில் முன்பதிவு வேலை கிடைத்தது. உன் வேலை நேரத்தில் தறியை நிறுத்தட்டுமா என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். "ஓட்டுங்கண்ணா. நீங்க உங்க வேல செய்ங்க, நான் என் வேல செய்றேன்" என்றாய். இரண்டு வருஷம் பேசினாய். பிறகு ஒரு காய்ச்சல், ஆறே நாள். அந்த ஆறு நாளைப் பற்றி எழுத என் கை இன்னும் ஓடவில்லை.

நேற்றுதான் உன் முதல் வருஷத் திதி. தாமலிலிருந்து உன் சித்தி வந்திருந்தார். சாப்பிட்டு முடித்து எல்லோரும் உட்கார்ந்தபோது, "எவ்ளோ பொறுமையான பொண்ணு. ஒரு வார்த்த அதிர்ந்து பேசாது" என்று ஆரம்பித்தார். ஆளாளுக்குத் தலையாட்டினார்கள். எப்போதும் சிரித்த முகம், அமைதி, அடக்கம் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். என்னால் உட்கார முடியவில்லை.

"இல்ல சித்தி. அவளுக்குப் பொறுமையே கெடையாது. ஒரு தடவ எம்மேல ஹெட்போன வீசியடிச்சா. தப்பு எம்மேலதான்."

முதலில் சிரித்தது உன் அண்ணன். "எம்மேலயும் ஒரு தடவ வீசினா" என்றார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உன் கோபத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. அதில் ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் என்னிடம் இருக்கிறது.