செல்வி அக்கா வண்டியின் எஞ்சின் விளக்கு

டிச. 9, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். என் மெக்கானிக் ஷெட் வாசலில் சேறு. செல்வி அக்காவின் டாக்ஸி வந்தது. போன வாரம் முடிச்சூரில் அவர் தெருவில் வெள்ளம், வண்டிக்குள் சீட் வரை தண்ணீர். காயவைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஓடுகிறது. ஆனால் எஞ்சின் விளக்கு அணையவில்லை, புகைச் சோதனையில் தேறவில்லை. அது தேறாமல் வண்டிக்குத் தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி., கிடையாது. எஃப்.சி. இல்லாமல் டாக்ஸி ஓட்ட முடியாது. காட்டாங்குளத்தூர் காலேஜ் டீச்சர்களைத் தினமும் ஏற்றிப் போவதுதான் அவர் பிழைப்பு.

ஸ்கேனர் போட்டேன். ஆக்ஸிஜன் சென்சார், ஹீட்டர் சர்க்யூட். புகைக்குழாயில் இருக்கும் சென்சார். ஹீட்டர் சூடாக்காவிட்டால் அது சரியாக வேலை செய்யாது.

“இன்னாபா, பெரிய வேலையா?”

“ஃபியூஸா இருக்கும்க்கா.”

ஃபியூஸ் நன்றாகத்தான் இருந்தது.

டிச. 10

வெயில். ஹீட்டரில் மீட்டர் வைத்தேன், உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. புது சென்சார். விளக்கு அணைந்தது. அக்கா சந்தோஷமாக டீ வாங்கி வந்தார். குடித்து முடிப்பதற்குள் மறுபடி எரிந்தது. டம்ளரை வைத்துவிட்டு மறுபடி ஸ்கேனரை எடுத்தேன்.

டிச. 11

சென்சாருக்குக் கரண்ட் வருகிறது. எர்த் இல்லை. அதைக் கொடுக்க வேண்டியது எஞ்சின் கம்ப்யூட்டர். ஒயரை முழுக்கப் பிரித்தேன், ஒரு இடத்தில் செம்பு அரித்துப் பச்சை பூத்திருந்தது. வெட்டிப் புதுசு வைத்தும் பலனில்லை. கம்ப்யூட்டரைக் கழற்றித் திறந்தால், வெள்ளத் தண்ணீர் புகுந்து உள்ளேயும் பச்சை.

வீட்டுக்கு கேஸ் புக் பண்ண மறந்தாயிற்று. திட்டு.

டிச. 13

குரோம்பேட்டையில் எலக்ட்ரானிக் போர்டு ரிப்பேர் செய்யும் பாயிடம் காட்டினேன். லென்ஸ் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். “உள்ளயே பூட்ச்சு நைனா. இத்த நோண்டுனா இருக்கறதும் பூடும்.”

புதுசு இந்த மாடலுக்கு வருவதில்லை. புதுப்பேட்டையில் பழையது ஒன்று கிடைத்தது. அது வேறு வண்டியின் சாவிக்குப் பதிவானது; மாட்டினால் அக்காவின் சாவியை ஏற்க மறுக்கிறது, ஸ்டார்ட்டே ஆகவில்லை. திரும்பவும் அக்காவுடையதையே மாட்டினேன். சென்சாருக்கு நேராக எர்த் கொடுத்தும் பார்த்தேன். சூடாகிறது. கம்ப்யூட்டர் நம்பவில்லை. விளக்கு அப்படியே. புகையும் அப்படியே.

முதுகு வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

டிச. 15

அக்கா போனில். டீச்சர்கள் வேறு வண்டி பேசிவிட்டார்களாம். “அவங்கள இன்னா சொல்றது தம்பி. எத்தினி நாளு ஷேர் ஆட்டோல நசுங்கிகினு போவாங்க?” நான் நாளைக்கு இன்னொரு தடவை ஒயரைப் பார்க்கிறேன் என்றேன். எந்த ஒயர் என்று எனக்கே தெரியாது.

டிச. 16

மேகமூட்டம். அக்கா நேரில் வந்தார். வண்டியைக் கொடுத்துவிட, படப்பையில் பழைய வண்டி உடைக்கிறவரிடம் பேசி முடித்துவிட்டாராம்.

“ஆவாதுன்னு சொல்லிடுபா. நீ சொல்லாம இருக்கறதுதான் பேஜாரா கீது.”

“ஆவாதுக்கா.”

தலையாட்டினார். படப்பைக்கு நான் ஓட்டிவந்து விடுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, பெல்ட் போட்டுக்கொண்டார். ஒரே செல்ஃபில் ஸ்டார்ட். சத்தம் சுத்தமாக இருந்தது, ஒரு உதறல் இல்லை. டேஷ்போர்டில் அந்த மஞ்சள் எஞ்சின் விளக்கு மட்டும்.

ரோட்டில் முன்னும் பின்னும் யாருமில்லை. இருந்தும் இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்பினார்.