பிரித்துத் தைத்த சுருள்

சிஸ்டர்,

இன்று காலை ஆபரேஷன் தியேட்டர் அலமாரியில் கையுறைப் பெட்டியைத் தேடும்போது நீங்கள் தைத்த துணிச்சுருள் ஒன்று கையில் அகப்பட்டது. பழைய பச்சைத் துணியை இறுக்கிச் சுருட்டி, வீட்டு மெஷினில் ஓரம் அடித்தது. குழந்தைகளின் தோளுக்கடியில் வைக்க மூன்று அளவில் தைத்து வருவீர்கள். "வாங்கறதெல்லாம் பெரியாளுங்களுக்குத்தான் டாக்டர். நம்ம பசங்களுக்குக் கழுத்தே ரெண்டு விரல்தான்" என்பீர்கள். தையலை ஒட்டிப் பழைய ஊசித் துளைகள் தெரிந்தன. பார்த்ததும் அந்த நாள் நினைவுக்கு வந்தது.

பாரிவாக்கத்திலிருந்து வந்த அந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை. இதயத்தில் ஓட்டை. மயக்கம் கொடுத்தாயிற்று. ஆபரேஷனுக்கு முன் கழுத்தின் ரத்த நரம்பில் குழாய் போடுவது என் வேலை, அதற்குத் தோதாகப் படுக்க வைப்பது உங்கள் வேலை. நீங்கள் வைத்தபடி விட்டுத் தொலைத்திருக்கலாம். இடம் நன்றாகத் தெரியட்டும் என்று தலையை முழுக்க ஒருபக்கம் திருப்பினேன். நீங்கள் தலைப்பக்கம் தாழ்த்தியிருந்த மேஜையையும் சமமாக்கினேன்.

"ரொம்பத் திருப்பிட்டீங்க டாக்டர், நரம்பு அமுங்கிடும். கொஞ்சம் நேரா வுடுங்க. டேபிளும் எறங்கியே இருக்கட்டும், அப்பத்தான் நரம்பு ரொம்பும்."

நரம்பைக் காட்டும் ஸ்கேன் மெஷின் பக்கத்துத் தியேட்டரில் இருந்தது. காத்திருக்கப் பொறுமையில்லை. "ஊசி போடறது நானா, நீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். நீங்கள் ஓரடி பின்னால் போய் நின்றீர்கள்.

மூன்றாவது குத்தில் ஊசி நரம்பை விட்டுப் பக்கத்துத் தமனியில் இறங்கிவிட்டது. கழுத்து வீங்கியது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்துச் செய்கிற ஆபரேஷன் அது. வீங்கிய கழுத்தோடு முடியாது என்று சர்ஜன் நிறுத்திவிட்டார். "இன்னா சார் ஆச்சு? கொயந்த கழுத்து ஏன் நீலமா கீது?" என்று அதன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ உளறினேன்.

மறுநாள் கூட்டத்தில் காரணம் கேட்டார்கள். "பொசிஷன் சரியில்லை சார்" என்றேன். அவ்வளவுதான். படுக்க வைக்கிற பொசிஷன் என்றால் யார் வேலை என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், தெரிந்துதான் சொன்னேன். உங்களுக்கு மெமோ வந்தது. அடுத்த வாரம் அதே குழந்தைக்குச் சுருளை வைத்து, மேஜையைத் தாழ்த்திக் கொடுத்தீர்கள். நான் எதையும் மாற்றவில்லை. முதல் குத்திலேயே ஊசி நரம்பில் போனது. குழந்தை பிழைத்து ஓடியாடுகிறது.

போன வருஷம் நீங்கள் இறந்துபோனபோது, எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் திருமுல்லைவாயில் வீட்டுக்கு வந்தேன். உங்கள் கணவர் நாற்காலி போட்டார், டீ கொடுத்தார்.

"உங்களப் பத்தி நல்லாத்தான் பேசிகினு இருப்பா சார். அந்த மெமோ வந்தப்பதான் ஒரு வாரம் சரியா துன்னல. சுருள் தடியாப் பூட்ச்சோ, அதான் கொயந்தைக்கு அப்டி ஆச்சோன்னு, தைச்சதயெல்லாம் பிரிச்சி மறுபடி தைச்சா."

டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். கோழை.

இன்று ஆபரேஷனுக்கு வந்த குழந்தைக்கு அந்தச் சுருளைத்தான் வைத்தேன். வேண்டுமென்றே தலையை ஒருமுறை முழுக்கத் திருப்பி ஸ்கேனில் பார்த்தேன். நரம்பு சப்பையாகக் கிடந்தது. நேராக்கி, மேஜையைத் தாழ்த்தச் சொன்னேன். கண்ணெதிரே நரம்பு நிறைந்து உருண்டையானது. நீங்கள் சொன்னபடியேதான். "இது யார் சார் தைச்சது?" என்று புதிதாக வந்த சிஸ்டர் கேட்டாள். உங்கள் பெயரைச் சொன்னேன். மெமோவையும் சொன்னேன், யாரால் வந்தது என்றும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து உங்கள் கணவர் வீட்டில் இருப்பார். சுருளை எடுத்துக்கொண்டு போகிறேன். இந்தமுறை டீக்கு முன்னால் சொல்லிவிடுவேன்.

அது தடியாக இல்லை சிஸ்டர். முதலில் தைத்ததே சரியாகத்தான் இருந்தது.