செவ்வாயில் மீன் குழம்பு

மார்ச் 4
ஆதித்தன் வந்தான். என் மகன் வீரபாண்டியன் வண்டி மோதிச் செத்து ஆறு மாதம் ஆகிறது. அவன் எழுதிய சினிமாக் கதையை எடுக்க ஒரு முதலாளி கிடைத்திருக்கிறாராம். தாய் நான் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே மாற்றம்தானாம் – கதையில் ஜோடியாக வரும் அருள், கபிலன் இருவரில் கபிலனைப் பொம்பளையாக்கி விடுவார்களாம்.

மார்ச் 5
போடவில்லை.

மார்ச் 9
அஞ்சாவது படித்தவள் நான். எழுத்துக் கூட்டி முழுக் கதையும் படித்துவிட்டேன். செவ்வாய்க் கிரகத்தில் மனுசர் குடியிருக்கிறார்கள். தண்ணீர் எந்திரம் கெட்டுவிடுகிறது; எல்லோருக்கும் அதே கவலை. நடுவில், தொட்டியில் வளர்த்த மீனை அருள் முள்ளெடுத்துக் கபிலன் தட்டில் வைக்கிறான். தலைவி உமையாள், "வெரசாத் தின்னுட்டு வாங்கப்பா ரெண்டு பேரும், எந்திரத்தப் பாக்கணும்" என்கிறாள். அவ்வளவுதான். அங்கே யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இங்கே காரைக்குடியில்தான் கேட்கிறார்கள்.

வீரா இப்படித்தான் ஆதித்தனுக்கு முள்ளெடுத்து வைப்பான். என்னிடம் அவனே எல்லாம் சொன்னான். கேட்டுவிட்டுக் குழம்பு ஊற்றினேன். வேறென்ன செய்வது?

மார்ச் 14
முதலாளி இறங்கி வந்திருக்கிறார். அண்ணன் தம்பியாக இருக்கட்டுமாம். கொழுந்தன் சோணைக்குச் சந்தோசம். "ஒத்துக்கங்க மதினி. ஊரு சிரிக்காது."
"உங்க அண்ணனுக்கு என்னைக்காச்சும் முள்ளெடுத்து வச்சீகளா? அவரு தட்டுல கெடந்ததத் தூக்கித் தின்னீக."
எழுந்து போய்விட்டார்.

மார்ச் 20
ஆதித்தன் அழுதான். "போட்டுருங்கம்மா. அவன் பேராவது வரட்டும்."
முடியாது. அவன் பேர் வந்து, அவன் இல்லாத படம் எனக்கெதுக்கு? எத்தனை தரம் எம்புள்ளயச் சாகக் குடுக்குறது?

ஏப்ரல் 2
முதலாளி போய்விட்டார். போகட்டும். கதையை உள்ளபடியே எடுக்க வீராவோடு படித்த பிள்ளைகள் கேமரா கொண்டு வருகிறார்கள். நேமத்தான்பட்டியில் நான் கூட்டிப் பெருக்கும் பெரிய வீடு பூட்டித்தான் கிடக்கிறது. போனில் வீட்டுக்கார ஆச்சியைக் கேட்டேன். "செவ்வாயோ வெள்ளியோ, தூணுல ஆணி அடிக்காம எடுக்கச் சொல்லு" என்றார்கள்.

மே 11
தூணெல்லாம் வெள்ளித்தாள் சுற்றி முள்ளெடுக்கும் காட்சியை எடுத்தார்கள். மீன் குழம்பு நான் வைத்தது. வேடிக்கை பார்க்க வந்த சோணை கையில் விளக்கைக் கொடுத்துவிட்டார்கள், பிடித்துக்கொண்டு நின்றார்.

முடிந்ததும் பந்தி. ஆதித்தன் மீனைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். முள்ளெடுத்து அவன் இலையில் வைத்தேன்.
"நீங்களும் உக்காருங்க அத்தை" என்றான். இதுவரை அம்மா என்றுதான் கூப்பிடுவான்.
சோணை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "மதினி, இங்குட்டுக் கொஞ்சம் கொழம்பு" என்றார்.